இன்னும் கொஞ்சம் கிட்ட

வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்குக் கேமராக்காரர் வந்து சேர்ந்தபோது மழை விட்டபாடில்லை. போன வெள்ளத்தின் சேற்று வாடையைப் போக்க அறை முழுக்க வாசனைத் திரவியம் அடித்திருந்தார்கள். இப்போது சேறு ரோஜாப்பூ மணத்தோடு நாறியது.

தகவல் துறை இயக்குநர் கண்ணாடி முன்னால் மீசைக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் கம்பீரம்.

"என் முகத்தைப் பாத்தாலே ஜனங்களுக்குப் பாதி பயம் போயிடும்."

"மீதிப் பாதி பவுடர் போட்டா போயிடும் சார்," என்றாள் ஒப்பனைக்கார அக்கா.

அவர் பேசும் மேஜைக்கு வலப்பக்கம் ஒரு புது ஸ்டூல் காலியாகக் கிடந்தது. கேமராக்காரர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

போன வெள்ளத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் அங்கேதான் நின்றாள். பெற்றோர் இருவருக்கும் காது கேட்காது. வாய்ப்பேச்சுக்கு முன்பே கைப்பேச்சு வந்த பெண். "அண்ணே, படத்துல என் கையை வெட்டிடாதீங்க. அது தெரியலேன்னா எங்க ஆளுங்களுக்கு ஒண்ணுமே தெரியாது," என்பாள் ஒவ்வொரு முறையும்.

அன்று கம்பீரத்துக்கு, தன் பக்கத்தில் ஒருத்தி கையாட்டுவது பதவிக்கு இழுக்காகப் பட்டது. "இன்னும் கொஞ்சம் கிட்ட வா தம்பி. நான் மட்டும் போதும்."

கேமராக்காரர் கிட்டப் போனார். அணை திறந்த சேதியை அவள் படத்துக்கு வெளியே, சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் கை படத்தில் வரவேயில்லை என்று பிறகு தெரிந்து, ஆற்றங்கரையில் இருந்த காது கேளாதோர் விடுதிக்கு ஓடினாள். ஜன்னலை வெறுங்கையால் உடைத்திருக்கிறாள். சடலத்தில் விரல்கள் கிழிந்து தொங்கின.

அவளுக்குப் பதில் ஆள் போடவில்லை. ஸ்டூல் மட்டும் வாங்கிப் போட்டார்கள். அதற்குப் பெயர் அணுகல் வசதி.

விடுதியில் தப்பியவர்கள் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அணையை மறுபடியும் திறந்தாகிவிட்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது. நேரலை.

கேமராக்காரர் கண்ணை வைத்துப் பார்த்தார். படத்தின் வலது மூலையில் இரண்டு கைகள்.

ஈரமான கைகள். நகங்கள் இல்லை.

தலையை நிமிர்த்திப் பார்த்தார். காலி ஸ்டூல்தான்.

"மக்கள் அச்சப்பட எதுவுமில்லை," என்று தொடங்கிய கம்பீரம், மேஜைக்குக் கீழே விரலை மடக்கி மடக்கிக் காட்டினார். கிட்ட வா என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த ஒரே சைகை அது.

ஜூம் வளையம் திரும்பியது. கைகள் வெட்டுப்படவில்லை. அவையும் கிட்ட வந்தன.

இப்போது கம்பீரத்தின் தோள் மேல் இருந்தன.

மேஜைக்குக் கீழே கம்பீரத்தின் விரல் மறுபடி மடங்கியது. சொன்னபடி செய்யாவிட்டால் நாளைக்கு வேலை இருக்காது. கேமராக்காரர் இன்னும் திருப்பினார்.

படத்தில் அந்த முகத்தைத் தவிர வேறு இடமில்லை.

கைகள் முகத்தைப் பிடித்தன.

கிழிந்த விரல்கள் வாய்க்குள் நுழைந்து தாடையைக் கீழே இழுத்தன. எலும்பு முறிந்த சத்தம் கேமராக்காரரின் ஹெட்போனில் கேட்டது. பவுடர் மேல் ரத்தம் வழிந்தது. தலை ஒரு சுற்று சுற்றப்பட்டு, மைக்கின் மேல் விழுந்தது.

"யாரு... யாருப்பா அவரை அடிக்கிறது?" என்று கத்தினாள் அக்கா.

கேமராக்காரர் வளையத்தைப் பின்னுக்குத் திருப்பினார்.

கைகள் விட்டன. தங்கள் மூலைக்குத் திரும்பின. விரித்த உள்ளங்கைகள் மெல்ல மெல்ல உயர்ந்தன, தண்ணீர் ஏறுவதைப் போல. பிறகு ஒரு விரல் மேலே காட்டியது. மறுபடியும். மறுபடியும்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மாடிக்கு ஏறிவிட்டார்கள். அதன் பிறகுதான் கீழ்த்தளம் முழுகியது.

மழை நின்று, புது இயக்குநர் வந்தார். சாது மனிதர் என்றார்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் எதிரே இருந்த டிவியில் தன்னைப் பார்த்தார். முகம் சிறிதாகத் தெரிந்தது போலும். மேஜைக்குக் கீழே விரலை மடக்கி மடக்கிக் காட்டினார்.

கேமராக்காரர் வளையத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

படத்தின் வலது மூலையில், நகமில்லாத விரல் ஒன்றும் அதேபோல மடங்கி மடங்கி கேமராக்காரரைக் கூப்பிட்டது.