பதினான்காம் டேங்கின் மூன்றாம் படம்

காலை 6.50. டெரிக் அடுப்படிக்குள் வந்து, சுவரில் தொங்கிய தினசரி காலண்டருக்கு நேராகக் கேமராவைத் தூக்கினான். ஜூலை 16, செவ்வாய். தோசைக் கரண்டியோடு குறுக்கே நின்றாள் ஷைனி.

"யக்கா, நவுரு. உன் முழங்கை வுழுது."

"வுழட்டும். கம்பெனிக்காரனுக்கு நானும் ஒரு தபா தெரியட்டுமே."

"தெரிஞ்சா உனக்கும் ஒரு நம்பர் குடுப்பான்."

படத்தை எடுத்தான். "ஏழாயிரத்து முன்னூத்திப் பதினாறு" என்று சொல்லிவிட்டு, தோசையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டே படியிறங்கினான். ஷைனி நோட்டின் இடது பக்கத்தில் 7316 என்று எழுதினாள்.

கல்மண்டபத்து வீட்டில் அக்காவும் தம்பியும் வைத்திருந்த ஏற்பாடு இது. யார்டு வேலைக்கென்று தனிக் கேமரா. வேலை நாளின் முதல் படம் காலண்டர். அடுத்த காலண்டர் படம் வரும்வரை உள்ள எல்லாம் அந்த நாளுக்குச் சொந்தம். மாலையில் எல்லாம் வீட்டு ஹார்டு டிஸ்குக்குப் போகும்; கேமரா கொடுத்த எண்ணை அவர்கள் ஒருபோதும் மாற்றுவதில்லை.

எண்ணூரில் டெரிக் படம் எடுத்துக் கொடுத்த எண்ணெய் டேங்க் யார்டுக்கு இந்த எண் பிடிக்காது. அவர்களுக்கு டேங்க் எண், தேதி, இடத்தின் எண் என்ற வரிசையில் பெயர் வேண்டும். ஒன்று என்றால் பெயர்ப்பலகை, இரண்டு அடித்தளம், மூன்று ஏணியின் அடி, நான்கு ஏணியின் உச்சி. எதை முதலில் எடுத்தாலும் பெயர் அப்படித்தான். ஜனவரியில் டேங்கின் நான்கு பக்கங்களையும் நடுவில் நுழைத்துப் புதுப் பட்டியல் அனுப்பினார்கள். ஏணியின் அடி ஏழுக்குப் போனது. ஒரு வாரம் ஷைனி அவர்களைத் திட்டிக்கொண்டே பெயர் வைத்தாள். "புடிக்கிறது என் வேல, பேரு வெக்கிறது உன் வேல" என்பான் டெரிக். சுருக்கிய நகல்களுக்கு மட்டும் கம்பெனிப் பெயர் வைத்து அனுப்புவாள். அந்தப் பெயரை நோட்டின் வலது பக்கத்தில் எழுதுவாள்.

காலை 10.15. பதினான்காம் டேங்கின் உச்சியிலிருந்து டெரிக் விழுந்தான்.

ஜூலை 18, காலை 11.00. அடக்கம் முடிந்த மறுநாள். சப்-இன்ஸ்பெக்டர் பீம்ராவ் மேஜைமேல் ஒரு படத்தைத் தள்ளினார். ஏணியின் அடி. அதில் கட்டிய சிவப்புப் பலகையில் 'மேலே ஏறாதே'. மூன்றாம் படியில் ஒரு காகம். கீழே அச்சிட்டிருந்த பெயர்: 14-20240716-003.

"உன் தம்பியே எடுத்த படம். ஒன்பதரைக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டுட்டு, மறுபடி போய் ஏறிக்கிறான். சேஃப்டி ஆபீசர் கருணாகரன் எழுதிக் குடுத்துட்டாரு."

"கேமரா?"

"நொறுங்கிப்போச்சு. மெமரி கார்டு கெடைக்கல."

"அவன் பேரு வெக்க மாட்டான் சார். அது என் வேல."

"அன்னிக்கு வெச்சிருப்பான். கூடப் பொறந்தவ சொல்றான்னு நான் கோர்ட்ல சொல்ல முடியுமா? நாளைக்கு அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் போவுது. சொந்த அஜாக்கிரதை. அவ்ளோதான்."

ஷைனி படத்தையே பார்த்தாள். அந்த இரண்டு சொற்கள் எழுதப்பட்டுவிட்டால், டெரிக்கைக் கொன்றவன் டெரிக் என்றாகிவிடும்.

மதியம் 1.30. தம்பியின் பையை வாங்க யார்டுக்குப் போனாள். ரெக்கார்ட் கிளார்க் தப்ரேஸ் பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றான். யார்டிலிருந்து வரும் படங்களைத் தினமும் வாங்கிப் பதிபவன் அவன்தான். கருணாகரன் நாற்காலியைவிட்டு எழவில்லை.

"இந்தாம்மா, அப்டியே ஹார்டு டிஸ்கையும் கொண்டாந்து குடுத்துடு. எங்க யார்டு படம் எங்க சொத்து."

"நீங்க கேட்ட பேர்ல அனுப்பினது உங்க சொத்து. எங்க நம்பர்ல கீறது எங்களுது."

"படம் புடிக்க வந்தவன் புடிச்சிக்கினு போவணும். தொர கணக்கா மேல ஏறினா இப்டித்தான் ஆவும்."

ஷைனியின் கண் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் போனது. டீ வட்டம் படிந்து பழுத்த ஒரு தாள். ஒன்று பெயர்ப்பலகை, இரண்டு அடித்தளம், மூன்று ஏணி அடி, நான்கு ஏணி உச்சி.

தப்ரேஸ் கேட்வரை வந்தான். "அக்கா, எனக்கு வேல முக்கியம். என்னாண்ட ஒண்ணியும் கேக்காத."

"ஒண்ணே ஒண்ணு. ஜனவரி லிஸ்ட இங்க எல்லாருக்கும் குடுத்தியா?"

"மெயில்ல போட்டேன். படிக்கிறவங்க படிச்சாங்க."

பிற்பகல் 3.00. வீட்டில் ஹார்டு டிஸ்கைத் திறந்தாள். ஜனவரிக்குப் பிந்திய எதையும் அவள் தொடவில்லை.

ஜூலை 19, மாலை 4.10. காலையிலிருந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நச்சரித்ததில், பீம்ராவ் கருணாகரனையும் தப்ரேஸையும் வரவழைத்திருந்தார்.

"சீக்கிரம் சொல்லு. ஐம்பது நிமிஷம் கீது."

"அஞ்சே போதும் சார். தப்ரேஸு, இப்ப மூணாம் நம்பர் எந்த எடம்?"

"டேங்கோட கிழக்குப் பக்கம்."

"ஏணி அடி?"

"ஏழு. ஜனவரிலேர்ந்து."

ஷைனி படத்தைத் திருப்பிவைத்தாள். "இது ஏணி அடி. தேதி ஜூலை. நம்பர் மட்டும் மூணு. பழைய படத்த எடுத்து, பேர்ல தேதிய மட்டும் மாத்திக்கிறாங்க. எடத்தோட நம்பரும் மாறிப்போச்சுன்னு மாத்தினவருக்குத் தெரியாது. தப்ரேஸா இருந்தா ஏழுன்னு போட்டிருப்பான், தினம் பாக்குறவன். இவரு மேஜைக் கண்ணாடிக்கடில இன்னும் பழைய லிஸ்ட்தான் கீது."

லேப்டாப்பைத் திறந்தாள். படம் 3128. அதே ஏணி, அதே பலகை, மூன்றாம் படியில் அதே காகம். எட்டுப் படம் பின்னால் போனாள். 3120, காலண்டர்: நவம்பர் 21, 2023.

"அந்த வாரம் பதினாலுக்குப் பெயின்ட் அடிச்சாங்க. அதுக்குக் கட்டின பலகை இது."

கருணாகரன் எழுந்துவிட்டார். "இன்னா சார் பேஜாரு இது! அவசரத்துல ஒரு நம்பர் தப்பாப் போட்டா நான் கொலகாரனா?"

பீம்ராவ் பேனாவை மூடினார். "டெரிக் போட்ட நம்பர்னுதான எழுதிக் குடுத்த? இப்ப நீ போட்டியா?"

கருணாகரன் தப்ரேஸை முறைத்தார். அந்த முறைப்புதான் தப்ரேஸின் வாயைத் திறந்தது.

"மேல்தட்டு இரும்பத் துரு தின்னிருக்குன்னு டெரிக் மே மாசமே படம் குடுத்தான் சார். மாத்தாமலே மாத்தியாச்சுன்னு கையெழுத்துப் போட்டாரு இவரு. ஹெட் ஆபீஸ் புதுப் படம் கேட்டுச்சு. மேல எட்டிப் பாக்காம, 'நல்லாத்தான் இருக்கும், ஏறிப் புடி'ன்னு அவன அனுப்பினாரு. நான் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

"நன்றி கெட்ட நாயே" என்றார் கருணாகரன்.

"உக்காருய்யா" என்றார் பீம்ராவ். அடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டை இரண்டாகக் கிழித்தார். ஷைனியிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

அன்று மாலையே கருணாகரனின் கண்ணாடி மேஜை இழுப்பறையில் மெமரி கார்டு கிடைத்தது. இருபத்தாறு படங்கள். அவற்றில் ஒன்று பதினான்காம் டேங்கின் ஏணி அடி. பலகை இல்லை.

வழக்கு எண்ணைப் போட்டு, இருபத்தைந்து படங்களுக்கும் போலீசார் தங்கள் பெயரை வைத்தார்கள். முதல் படத்துக்கு வந்ததும் ஸ்டேஷன் ரைட்டர் தயங்கினார். ஒரு காலண்டர், ஒரு முழங்கை, கரண்டியின் நுனி.

"இது கேஸுக்கு வேணுமாம்மா?"

"வேணாம் சார்."

நோட்டில் டெரிக்கின் கடைசி நாள் முழுவதையும் ஷைனி எழுதி முடித்தாள். இடப்பக்கம் கேமரா எண், வலப்பக்கம் போலீஸ் வைத்த பெயர். முதல் வரியின் வலப்பக்கம் காலியாக இருக்கிறது. அந்தப் படத்துக்கு இன்றும் ஒரே பெயர்தான்: 7316.