நகத்தில் விழுந்த வெளிச்சம்

அன்று காக்ஸ் டவுனில் பெய்த மழையில் மாதா கோயில் மணியே இரண்டு தரம் தும்மியது. நம்பாதவர்கள் குணசேகரின் சட்டையைப் பார்க்கலாம்... லீனாவின் ஸ்கூட்டர் ஒரு குட்டையில் இறங்கி, பாதிக் குட்டையை அதன்மேல் கொட்டிவிட்டுப் போயிருந்தது.

"கண்ணு தெரியலையா மேடம்?"

"தெரியுதே... கறுப்புக் குடை, கோவமான மூக்கு!"

சிரித்தபடி மறைந்தாள். கண்கள் மட்டும் மறையவில்லை.

சற்று நேரத்தில் கல்லூரி ஆய்வகத்தில் அதே கண்கள்! தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்த வெளித்தேர்வாளர் அவன். அங்கே இயற்பியல் ஆசிரியை அவள். இரட்டைப் பிளவு வழியே லேசரைப் பாய்ச்சி, சுவரில் விழும் நடு வெளிச்சக் கொத்தில் எத்தனை பட்டைகள் என்று எண்ணவேண்டும். மாணவர்கள் எல்லோரும் ஏழு என்று எழுதியிருந்தார்கள்.

சரிபார்க்க விளக்கை அணைத்தார்கள். லீனா வெள்ளைத்தாளைச் சுவரோடு ஒரு விரலால் அழுத்திப் பிடித்தாள். அந்த நகத்தில் சிவப்பாய் ஏதோ மின்னியது... மாதுளை முத்தா? குணசேகருக்கு மூச்சு நின்றது.

"ஆறு" என்று உளறி, எல்லோருடைய விடையையும் அடித்தான்.

"சார், பிளவு அகலத்தைப் போல நாலு மடங்கு இடைவெளி. அதனால நாலாவது பட்டை தெரியாது. பக்கத்துக்கு மூணு, நடுவுல ஒண்ணு. ஏழுதான்!" என்றாள் லீனா.

"நான் எண்ணினா எண்ணினதுதான்."

பரம்பரை அப்படி. அமெரிக்காவில் சேவல் கூவுவது கேட்கும்வரை பூமிக்குள் இறங்கித் தங்கம் எடுத்தவர்கள். 'தப்பு என்னுது' என்ற சொல்லை மட்டும் எந்த ஆழத்திலும் எடுத்ததில்லை.

லீனாவின் கண்கள் நிறைந்தன. "என்மேல கோவம்னா என்னைத் திட்டுங்க சார். பசங்களை ஃபெயில் பண்ணாதீங்க."

குணசேகருக்குச் சுருக்கென்றது. "இன்னொரு தரம் பிடிங்க..."

மறுபடி இருட்டு. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று...

"மேடம், விரலை எடுங்க."

எடுத்தாள். நகத்திலிருந்தது தாளில் குதித்தது. எல்லாவற்றிலும் பிரகாசமான ஏழாவது!

"ஆயித்தா சார்? எண்ணி முடிச்சாச்சா?" இருட்டுக்குள் அவள் குரல் குறும்பாய்க் கேட்டது.

விளக்கைப் போட்டு, மாணவர்கள் முன் நிமிர்ந்து நின்றான். "தப்பு என்னுது. ஏழுதான். எல்லாருக்கும் முழு மார்க்!"

அந்தக் கைதட்டலில் கூரை எழும்பி, மழையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தது.

மாணவர்கள் போனபின் லீனா கேட்டாள். "நடுவுல இருந்தது மட்டும் எப்படி சார் தெரியல?"

"அதுதான் முதல்ல தெரிஞ்சது... உங்க விரல்ல. அப்புறம் எங்க எண்ணுறது? குட்டைத் தண்ணி தெளிச்சப்பவே விழுந்துட்டேன்... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, லீனா."

லேசர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் போய் விளக்கை அணைத்தாள். விரலை மறுபடி நடுவில் வைத்தாள்.

"இப்ப எண்ணுங்க... தப்பா வந்தா பரவாயில்ல."