எட்டாவது கிதார்

சிராங்கூன் ரோட்டில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தம்பியின் கிதாரைத் தோளில் மாட்டியபடி, இராமசாமியின் கேசட் கடை மாடிப்படியில் ஏறினாள் பிரிஜட். கீழே மல்லிகைச் சரமும் அரைத்த மிளகாயும் மணத்தன. பாதிப் படியிலேயே அந்த வாசனை விட்டுப்போய், சூடான ரப்பர் வாடை மட்டும் மிஞ்சியது.

அது எண்பத்தாறாம் வருஷம். பாடுகிறவனே இல்லாமல் கிதார் மட்டும் அலறுகிற மெட்டல் இசைக்குப் பித்துப்பிடித்து அலைந்த பையன்கள் ஊரில் ஏராளம். அவர்களில் எட்டுப் பேரைப் பிடித்து, ஆளுக்கொன்று வாசிக்கவைத்து, ஒரே கேசட்டாகப் போட்டு விற்கத் துணிந்தார் இராமசாமி. அந்தச் சத்தம் அவருக்குத் துளியும் பிடிக்காது; விற்கும் என்பது மட்டும் தெரியும். வார்த்தையே இல்லாத பாட்டில் எது யாருடையது என்று குழம்பக்கூடாது அல்லவா? அதனால் வாசித்து முடித்ததும் அவரவர் மைக்கில் பாட்டின் பேரைச் சொல்லிவிட வேண்டும். அது அந்த அறையின் வழக்கம்.

எட்டாவதாக வாசித்தவன் அவள் தம்பி இயேசுதாசன். முடித்த கையோடு, கிதாரைப் பிடித்தபடியே பேர் சொல்ல மைக்கருகே வாயைக் கொண்டுபோனான். மின்சாரம் தாக்கி அங்கேயே விழுந்தான்; ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. பழைய கட்டடம், பழைய ஒயர் என்றார்கள். வீட்டிலும் அதையே நம்பினார்கள். ஒயரையெல்லாம் மாற்றியும் ஆயிற்று. அவன் பாட்டுக்குத்தான் பேரில்லாமல் போய்விட்டது.

இன்று காலை இராமசாமி ஆளனுப்பியிருந்தார். எட்டாவது பாட்டில் ஏதோ இரைச்சலாம். மாலைக்குள் அது போகாவிட்டால் ஏழு பாட்டோடு கேசட் வெளிவந்துவிடும். வருஷ நினைவுப் பூசை முடிந்த கையோடு மகன் வாசித்ததைக் கேட்க வேண்டும் என்று அம்மா பிலோமினம்மாள் நாளெண்ணிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பிரிஜட் எப்படி விழிப்பாள்?

மேலே மருதப்பன் காத்திருந்தான். தம்பியின் கூட்டாளி, பதிவு செய்வது அவன் வேலை. ஜன்னலில்லாத அறை. சுவரெல்லாம் பழைய கம்பளம். கதவைச் சாத்தியதும் ரோட்டுச் சத்தம் பட்டென்று அறுந்தது.

டேப்பை ஓடவிட்டான். ஏழு பாட்டும் சுத்தமாக இருந்தன.

எட்டாவது தொடங்கியது. கிதாருக்கு அடியில் ஒரு முனகல், விடாமல், ஒரே சீராக. காதில் கேட்பதைவிடத் தரையிலிருந்து செருப்பு வழியாகக் காலில் ஏறுவதாகவே பட்டது அவளுக்கு.

"பதிஞ்ச அன்னிக்கு இது இல்லக்கா," என்றான் மருதப்பன் தாழ்ந்த குரலில். "சத்தியமா இல்ல."

ஒலிபெருக்கிக்கும் டேப் மெஷினுக்கும் தனித்தனியாக எர்த் இருந்தால் இப்படித்தான் இரையும் என்று அவனே சமாதானமும் சொல்லிக்கொண்டான். ஒலிபெருக்கியின் பிளக்கைத் திறந்து, கசிகிற மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் அந்தப் பச்சை எர்த் ஒயரைக் கழட்டிவிட்டு மறுபடி செருகினான்.

இரைச்சல் நின்றது.

"இப்படிச் செஞ்சாத்தான் அடங்கும்லா," என்று சிரித்தான். "தாசு வாசிச்ச அன்னிக்கும் இதைத்தான் பண்ணேன்."

பிரிஜட்டுக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. கேசட் தப்பித்தது என்ற நிம்மதியில் கண் நிறைந்திருந்தது. அந்தப் பாட்டுக்குத் தம்பி வைத்த பேர் 'கடைசி பஸ்'. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். தம்பியின் கிதாரில் ஒரு கம்பியை மீட்டிவிட்டு அந்தப் பேரை நீங்களே சொல்லிவிடுங்கள் என்றான் மருதப்பன். அவளும் அதற்காகத்தான் கிதாரைச் சுமந்து வந்திருந்தாள். அவன் கிதாரை ஒலிபெருக்கியோடு இணைத்தான். பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

அவள் கம்பிகளின் மேல் கையை வைத்தாள். மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

முனகல் திரும்பி வந்தது.

இந்த முறை டேப்பிலிருந்து அல்ல. மடியிலிருந்த கிதாரின் கட்டை அதிர்ந்தது. கருகிய முடி வாடை குப்பென்று அடித்தது.

யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்துக்கும் மைக்குக்கும் நடுவில் நிற்பது போலிருந்தது.

அப்போதுதான் மருதப்பன் சொன்னது மனதில் ஏறியது.

அன்னிக்கும் இதைத்தான் பண்ணேன்.

வாயைத் திறக்காமலே பின்வாங்கினாள். கிதாரைக் கீழே வைத்தாள். பச்சை ஒயரை விரலால் சுட்டிக்காட்டினாள். அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் வெளுத்தது.

"நீங்க எல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடினப்ப நான் ஒயரைத் திரும்ப மாட்டிட்டேன்க்கா," என்றான். "எப்பவும் மாட்டுவேன். யோசிக்கவே இல்ல."

மெயின் சுவிட்சை அணைத்தான். அறை இருண்டது.

முனகல் மட்டும் அணையவில்லை.

இருவரும் எப்படிப் படியிறங்கினார்கள் என்பது அவளுக்கு நினைவில்லை. மாலையில் இராமசாமி எட்டாவதைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தாராம். இரைச்சல் இல்லை. எட்டுப் பாட்டும் வெளிவந்தன.

வருஷப் பூசை முடிந்து வந்த அன்று மதியம், பேட்டரி போட்ட சின்னப் பெட்டியில் அம்மா கேசட்டைப் போட்டாள். மகன் வாசிப்பு முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரிஜட் எழுந்து நிறுத்தப் போனாள்.

"இரு," என்று கையமர்த்தினாள் அம்மா. "பேர் சொல்ற இடம் வருது."

மீட்டிய கம்பி ஒன்று கணீரென்றது. பிறகு ஒரு பெண்ணின் குரல், மைக்குக்கு மிக அருகில்.

"கடைசி..."

அதோடு அறுந்தது. ஏதோ கனமானது தரையில் சரிந்து விழுந்தது. தூரத்தில் மருதப்பன் "அக்கா, அக்கா" என்று கத்தினான்.

அம்மா கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். "இது உன் குரலாச்சே. ஏம்மா பாதியில நிறுத்திட்ட?"

பிரிஜட் பெட்டியை அணைத்தாள். பதிவறையில் அன்று அவள் விழவில்லை; அந்த மைக்கில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.