பிரேமினியின் கழுத்து

கணினிக்குள் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது, பச்சை விளக்கும் எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னியது. நிஷாந்தன் விசைப்பலகையில் கைக்கு வந்த பொத்தானையெல்லாம் தட்டிப் பார்த்தான். கோடு பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது.

எல்லாம் அவனே தேடிக்கொண்ட வினை. காலையில் கடை திறந்ததும் அப்டேட் வந்திருக்கிறது என்று திரையில் ஒரு பெட்டி தெரிந்தது, யோசிக்காமல் சம்மதம் கொடுத்துவிட்டான். நெடுங்கேணிச் சந்தியில் பனர் அடிக்கிற அந்தக் கடையின் கணினியில் லினக்ஸ் போட்டவள் அவன் மனைவி பிரேமினி, வவுனியாவில் கணினி படித்துவிட்டு வந்தவள். கண்டபாட்டுக்கு அப்டேட் கொடுத்தால் திரையை இயக்குகிற கிராபிக்ஸ் டிரைவர் அதோடு ஒத்துப்போகாமல் திரை இருண்டுவிடும் என்பதால், அந்த வேலையை அவள் தன் கையை விட்டு விட்டதில்லை. இப்போது அவள் இல்லை. நாளைக்கு அவள் செத்து முப்பத்தோராம் நாள். சந்தியில் கட்டுகிற கண்ணீர் அஞ்சலிப் பனரை மத்தியானத்துக்குள் அடித்தாக வேண்டும். எடுத்துப் போக அவளுடைய தம்பி நிரஞ்சன் கிளிநொச்சியிலிருந்து வந்துகொண்டிருந்தான்.

வேறு கடையில் கொடுத்து அடிக்கலாமே என்றால், அடிக்க முடியாது. நிரஞ்சன் தெரிவுசெய்த படம் அப்படி. ஒரு கலியாண வீட்டில் எடுத்தது, சிவப்புச் சேலை, முகம் நிறையச் சிரிப்பு. போனில் மங்கலான சின்னப் பிரதியைப் பார்த்த தம்பிக்கு அக்காவின் சிரிப்புத்தான் தெரிந்தது. கமராக்காரர் தந்த பெரிய படத்தைக் கடைக் கணினியில் பெருப்பித்துப் பார்த்த நிஷாந்தனுக்குக் கழுத்து தெரிந்தது. பூசிய பவுடரையும் மீறிக்கொண்டு அங்கே விரல் தடங்கள். அவனுடைய விரல்கள்தான், வேறு யாருடையவை?

குளத்தில் தவறி விழுந்துவிட்டாள் என்று அவன் சொன்னான், ஊரும் நம்பியது. பிந்திக் கிடைத்த உடல் ஊதிப்போயிருந்ததால் சவப்பெட்டியைத் திறக்கவில்லை. அந்தக் கழுத்துக்கு மிஞ்சிய ஒரே சாட்சி இந்தப் படம். நேற்று அவன் அவளுடைய தோளின் தோல் நிறத்தை எடுத்துக் கழுத்தில் பூசிப் பூசித் தடங்களை அழித்தான். கமராக்காரர் தந்த படத்தையும் தடயமில்லாமல் நீக்கினான். அழித்துத் திருத்திய படம் இந்தக் கணினிக்குள் மட்டும்தான் இருந்தது. பிறகு வீட்டுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினான்.

கணினியை நிறுத்தி மறுபடியும் போட்டான். அவள் திருத்தும்போது பின்னால் நின்று பார்த்த ஞாபகம் கொஞ்சம் இருந்தது. தொடக்கத்தில் வருகிற பட்டியலில் பழைய கேர்னலை, அப்டேட்டுக்கு முந்திய லினக்ஸை, தெரிவுசெய்தால் எப்படியும் திரை வந்துவிடும். வந்தது. டிரைவர் இல்லாததால் எழுத்தெல்லாம் வீங்கிப் பெருத்து, நிறங்கள் வெளிறிப்போய் வந்தது. பரவாயில்லை என்று பனரைத் திறந்தான்.

தடங்கள் இருந்தன.

டிரைவர் இல்லாத திரை நிறத்தைப் பிழையாகக் காட்டுகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். நிறப் பிழைக்குப் பெருவிரல் இருக்குமா என்று அவன் மனமே அவனைக் கேட்டது. மறுபடி அழித்துச் சேமித்தான். மூடித் திறந்தான். தடங்கள் நேற்றையதைவிடக் கறுத்து, ஓரங்களில் நகம் பதிந்த பிறைகளோடு தெரிந்தன.

வெளியே பக்கத்துக் கடைகள் சாப்பாட்டுக்குப் பூட்டுப்பட்டன. வவுனியா பஸ் உறுமிக்கொண்டு புறப்பட்டுப் போனது, அதன் புழுதி அடங்கியதும் உச்சி வெயிலில் சந்தி முழுவதும் வெறிச்சோடி, தூரத்து வயலில் ஓடிய உழவு இயந்திரத்தின் சத்தமும் நின்றுபோய், கடைக்குள் மையின் காரமும் பிளாஸ்டிக் சுருளின் வாடையும் மட்டும் மிஞ்ச, அவற்றுக்கடியிலிருந்து இன்னொரு மணம் மெல்ல மெல்லக் கிளம்பியது. குளத்தின் சேற்று மணம். சந்தியிலிருந்து குளம் எவ்வளவோ தூரம். அவன் எழும்பிக் கதவடி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து இருந்தான்.

டிரைவர்தான் பிழை. அதைச் சரிப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும். திரையில் கறுப்புப் பெட்டியொன்றைத் திறந்து கட்டளைகளைத் தட்டி, பழைய டிரைவரைக் கழற்றிப் புதிதாக ஏற்றினான். அந்தக் கலியாண வீட்டுக்கு முதல் நாளும் இதே வேலைதான். அன்றும் அவளைக் கேட்காமல் அப்டேட் கொடுத்து, திரை இருண்டு, அவசர வேலையோடு வந்தவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். பிரேமினி வந்து குந்தியிருந்து திருத்திவிட்டு, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"தெரியாத வேலையில கை வைக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அன்றிரவு அவள் கழுத்தில் கை வைத்தான், பிறகு விட்டுவிட்டான். அவள் பவுடர் பூசிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போனாள். அடுத்த தடவை அவன் விடவில்லை. ஒரு சிரிப்புக்காக ஒரு பெண்ணைக் கொன்றவன் இப்போது அவளுடைய பனருக்கு டிரைவர் ஏற்றிக்கொண்டிருந்தான்.

கணினி மறுபடி தொடங்கியது. மறுபடியும் கறுப்பு. மூலையில் கோடு.

மின்னியது. பின்னால் ஒரு சொட்டு விழுந்தது.

மின்னியது. ஒரு சொட்டு.

கூரை ஒழுகவில்லை. மழை பெய்து எவ்வளவோ காலம். அவன் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. கோடு மின்ன மின்னச் சொட்டும் விழுந்தது, ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கிட்ட. சேற்று மணம் மூக்கை அடைத்தது. பிடரியில் குளிர்.

"நான் என்ன செய்ய?" என்றான் திரையைப் பார்த்து. "நீ என்னைச் சபையில நக்கலடிச்சனி."

சொட்டு நின்றது.

திரை பளிச்சென்று வந்தது. கூர்மையான எழுத்து, சரியான நிறம். டிரைவர் ஏறிவிட்டது. பனரைத் திறந்தான். கழுத்து சுத்தமாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. எவ்வளவு பெருப்பித்தும் ஒன்றும் இல்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. எல்லாம் வெறும் பயம், ஒன்றுமில்லாத பயம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அச்சுக்குக் கொடுத்தான்.

அச்சு இயந்திரம் வரி வரியாக இழுத்தது. தலைமுடி வந்தது. நெற்றி வந்தது. கண்கள் வந்தபோது வாசலில் வான் நிற்கிற சத்தம் கேட்டு, நிரஞ்சன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"முடிஞ்சுதோ அத்தான்?"

"ஓம் தம்பி, இப்ப வந்திடும். இரு."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். சிரிப்பு வந்தது. நாடி வந்தது. கழுத்து வந்தது, மாசு மறுவில்லாமல். நிரஞ்சன் அழுதான்.

"வடிவா வந்திருக்கு அத்தான். அக்கா நேர சிரிக்கிற மாதிரி இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். அவன் முகம் மாறியது. "அத்தான், உங்கட கழுத்தில என்ன?"

"என்ன?"

"கறுப்பா... ஆரோ பிடிச்ச மாதிரி."

நிஷாந்தன் வலது கையைக் கழுத்துக்குக் கொண்டு போனான். தோலில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. பெருவிரல் அதற்குள் போய்ப் பொருந்தியது. மற்றப் பக்கத்தில் சுட்டுவிரலுக்கு ஒரு பள்ளம். நடுவிரலுக்கு. மோதிரவிரலுக்கு. சின்னவிரலுக்கும். அளவெடுத்து வைத்ததுபோல் இருந்தன. அளவு அவனுடையதுதானே.

கையை எடுக்கப் பார்த்தான்.

அவன் கையின் மேல் இன்னொரு கை வந்து படிந்தது. சின்னக் கை. ஈரம். குளிர். விரலுக்கு மேல் விரல் வைத்து அழுத்தியது.

"அத்தான்! என்ன செய்யிறியள்? கையை விடுங்கோ!"

சொல்ல வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் பனர் இறங்கிக்கொண்டிருந்தது, சிவப்புச் சேலை வரி வரியாக. நிரஞ்சன் இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்து, காலைச் சுவரில் உதைந்து இழுத்தான். கை வரவில்லை. அத்தானின் கழுத்தை அத்தானின் கைதான் பிடித்திருந்தது, வேறு யாரையும் அவன் காணவில்லை. விரல் இடுக்குகளால் பாசி கலந்த தண்ணீர் வழிந்து சட்டைக்குள் இறங்க, விரல்கள் மெதுவாக, அவசரமே இல்லாமல், இறுகிக்கொண்டு போயின.