தூரம் எங்கே இருக்கிறது?

அந்தத் தெருவில் எல்லார் வாயிலும் எப்போதும் தயாராக இருந்த வார்த்தை ஒன்று உண்டு. அது 'தூர'.

"அழுகின தக்காளியைத் தூரப் போடு." "ஓட்டை வாளி எதுக்கு? தூரப் போடு." "இந்தக் கவரையெல்லாம் ஏன் சேர்த்து வெச்சிருக்கே? தூரப் போடு."

தூரம் என்றால் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? மலைமேல் இருக்கிற ஒற்றைத் தெரு அது. குப்பை வண்டி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. தெரு முடிகிற இடத்தில் ஒரு பள்ளம். கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

பள்ளத்தை ஒட்டியிருந்த கடைசி வீடுதான் குண்டூசியின் வீடு.

குண்டூசி என்பது தெருப் பிள்ளைகள் வைத்த பெயர். ஆளும் ஒல்லி, பேச்சும் சுருக்கென்று குத்தும். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அம்மா தையல் வேலை செய்கிறாள். அப்பா கொத்தனார். நான்கு வயதில் ஒரு தம்பி. பாவம், அவனுக்கு இளைப்பு.

பள்ளம் நிரம்பினால் யாராவது தீ வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் கடைக்கார அத்தைதான் வைப்பாள். பிளாஸ்டிக் எரிந்து கருகருவென்று புகை கிளம்பும். அது முதலில் நுழைவது குண்டூசி வீட்டுக்குள்.

அன்றைக்கும் அப்படித்தான். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு முழுக்கப் புகை நாற்றம். தம்பி அம்மாவின் மடியில் குனிந்து உட்கார்ந்திருந்தான். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சும் விசில் போலக் கீச்சென்றது. உதடு வெளுத்துப் போயிருந்தது.

குண்டூசி பையைப் போட்டுவிட்டு ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

ஆஸ்பத்திரி மலைக்குக் கீழே, வெகு தொலைவில். அம்மா மருந்தை உறிஞ்ச வைத்தாள். முதுகைத் தடவித் தடவி, "இழுடா கண்ணு, இன்னும் கொஞ்சம் இழு" என்று கெஞ்சினாள். நெடுநேரம் கழித்துத்தான் அந்த விசில் அடங்கியது.

அப்பா வந்ததும் அம்மா சொன்னாள்: "நானும் பிள்ளைங்களும் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறோம். இங்கேயே இருந்தா இவன் நமக்குத் தங்க மாட்டான்."

"என் வேலை இங்கதானே இருக்கு?"

"நீங்க இருங்க. நாங்க போறோம்."

 அப்பா கையில் ஒட்டியிருந்த சிமென்ட்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். அப்பா ஓரிடம், தாங்கள் ஓரிடமா? குண்டூசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அங்கேயே நிக்காதேடி. இந்தக் காலி மருந்து டப்பாவைத் தூரப் போட்டுட்டு வா" என்றாள் அம்மா.

குண்டூசி டப்பாவோடு வெளியே போனாள். நாலு எட்டு வைப்பதற்குள் பள்ளம் வந்துவிட்டது. உள்ளே இன்னும் புகைந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தாள். கதவு வழியாகத் தம்பியின் தலை தெரிந்தது.

இதுவா தூரம்? மற்றவர்களுக்கு வேண்டுமானால் தூரம். நமக்கு இது வாசலாயிற்றே! நாமும் இதே பள்ளத்தில்தானே கொட்டுகிறோம்!

அவள் டப்பாவோடு வீட்டுக்குள் வந்தாள்.

"ஏண்டி, போடலையா?"

"தூரம் எங்க இருக்குன்னு தெரியலைம்மா."

திட்ட வாயெடுத்த அம்மா, டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பள்ளி விடுமுறை. தெருவின் நடுவில் இருந்த கடைக்கு, வாரம் ஒருமுறை வரும் சரக்கு வேன் வந்திருந்தது. வேன்கார மாமா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். குண்டூசி அவரிடம் போய் நின்றாள்.

"மாமா, திரும்பிப் போறப்ப வண்டியில என்ன கொண்டு போவீங்க?"

"காத்தைத்தான் கொண்டு போவேன். காலி வண்டி. ஏன், நீ வரியா?"

"நான் வரலை. குப்பை வரும். கவர், பாட்டில், டப்பா எல்லாம் உங்க வண்டியிலதானே மேல வருது? அதுலயே கீழ போகட்டுமே. கீழ பழைய சாமான் வாங்கற கடை இருக்குல்ல?"

மாமா தலையைச் சொறிந்தார். "இருக்கு பாப்பா. ஆனா சாப்பாட்டு மிச்சத்தோட கலந்து கொடுத்தா நாத்தம் குடலைப் புடுங்குமே. கழுவிக் காய வெச்சு, பாட்டில் தனியா, கவர் தனியா கட்டிக் கொடுத்தா ஏத்திக்கறேன்."

கடைக்கார அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். "நல்ல கதையா இருக்கே! குப்பையைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி அனுப்பணுமா? தூரப் போட்டா வேலை முடிஞ்சுது!"

கடையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

குண்டூசி சிரிக்கவில்லை. வழக்கம்போல் குத்திப் பேசவும் இல்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"தூரம்னா எங்க அத்தை? கையைக் காட்டுங்களேன்."

"இதென்ன கேள்வி? அதோ, அங்க..." அத்தை கையை நீட்டினாள்.

எல்லாரும் அந்த விரல் காட்டிய பக்கம் பார்த்தார்கள். கடைசி வீட்டுப் படியில் தம்பி உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள் ஏறி இறங்க, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். எதிரே மற்றப் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். அவன் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான்.

சிரிப்பு நின்றுவிட்டது. நீட்டிய கையை மடக்கக்கூடத் தெரியாமல் நின்றாள் அத்தை.

"நேத்து அவனுக்கு ரொம்ப முடியாம போச்சு அத்தை." குண்டூசி தம்பியைப் பார்த்தபடியே சொன்னாள். "நாங்க அப்பாவை விட்டுட்டு, ஊரை விட்டே போகப் போறோம்."

"அடப் பாவமே! நேத்து தீ வெச்சது நான்தானே!" அத்தை தலையில் கைவைத்துக்கொண்டாள். "எனக்கு இது தோணவே இல்லையே கண்ணு." பிறகு வேன் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா, கழுவிக் கொடுத்தா ஏத்திப்பேதானே? பேச்சு மாற மாட்டியே?"

குண்டூசி வீட்டுக்கு ஓடினாள். "அடுத்த வாரம் வேன் வர்ற வரைக்கும் மட்டும் பொறும்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்க்கலாம்" என்றாள் அம்மா.  ஆனால் அப்பா கொண்டுவந்த காலிச் சிமென்ட் சாக்குகளைக் கழுவி, வீட்டுக்கு இரண்டு பையாகத் தைத்துக் கொடுத்தாள்.

தெரு ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். காய்கறித் தோலுக்குக் கொல்லையில் குழி வெட்டச் சோம்பினவர்கள் இருந்தார்கள். முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். ஒருநாள் பெரியவர் ஒருவர் பையும் கையுமாகப் பள்ளத்துப் பக்கம் நழுவினார். கடைக்கார அத்தை விடுவாளா?

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மா... நடந்துட்டு வரலாம்னு."

"பையைத் தூக்கிக்கிட்டா?"

அவர் அசடு வழியத் திரும்பினார். அத்தையோ, "டப்பா கொண்டு வந்தாத்தான் எண்ணெய்" என்று கடையிலும் கண்டிப்பாகிவிட்டாள். கொடிகளில் சட்டை பாவாடைக்கு நடுவே கழுவின கவர்கள் தொங்கின. சும்மா சொல்லக் கூடாது, பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த வாரம் யாரும் தீ வைக்கவில்லை.

வேன் வந்தது. எல்லார் வீட்டுப் பையும் ஏறியது. வேன் நகர்ந்ததும் பிள்ளைகள் கூச்சலோடு பின்னால் ஓடினார்கள். தம்பியும் எழுந்து ஓடினான்! குண்டூசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னாலேயே துரத்திக்கொண்டு போனாள். அவன் வளைவு வரைக்கும் போய், "மாமா டாட்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அப்புறம் கத்திக்கொண்டே திரும்பி வந்து, வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.

"டேய், வாயைக் கொஞ்சம் மூடுடா! காது கிழியுது!" என்று தையல் மெஷினிலிருந்து அதட்டினாள் அம்மா.

அதட்டியவள் சட்டென்று மெஷினை நிறுத்தினாள். சத்தம் போடுகிறான் என்று அவனை அவள் அதட்டியது இதுதான் முதல்முறை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னங்க," என்று அப்பாவைக் கூப்பிட்டாள், "நாளைக்கு வர்றப்ப இன்னும் நாலு சாக்கு கொண்டு வாங்க. அடுத்த வாரத்துக்குப் பை பத்தாது."

அடுத்த வாரமாம்! குண்டூசியும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே தம்பி இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தான். அவனை யாரும் தடுக்கவில்லை.