நெஞ்சைப் பார்க்காதே

மூன்றே காலுக்கு டாக்டர் பாலசுப்ரமணியன், மூச்சு கொடுக்கும் ஜெட் மிஷினை நிறுத்தினார். ஆனால் பக்கத்து வீட்டில் தையல் மிஷின் ஓடுவது போன்ற அதன் படபடப்பு உடனே நிற்காமல், ஸ்கேன் அறையின் குளிரிலும் ஸ்பிரிட் வாடையிலும் சற்று நேரம் தங்கிவிட்டு அடங்கியதாக, மயக்க மருந்து டெக்னீஷியன் சங்கரிக்குத் தோன்றியது.

கேளம்பாக்கத்தைத் தாண்டிய அந்த மருத்துவமனைக்கு ஜெட் மிஷின் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஈரலில் உள்ள கட்டியைச் சுட, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்க வேண்டும். மூச்சு விட்டால் ஈரல் நகர்ந்துவிடும். அதனால் இந்த மிஷின் காற்றைத் துளித்துளியாக, மிக வேகமாக நுரையீரலுக்குள் செலுத்தும். நெஞ்சு ஏறி இறங்காது. முதல் தடவை அதைக் கண்டு சங்கரி அலறியபோது டாக்டர் சொன்னார்: "நெஞ்சைப் பார்க்காதேம்மா. நம்பரைப் பார்." அன்றிலிருந்து அவள் யார் நெஞ்சையும் பார்ப்பதில்லை.

இன்றைய நோயாளி உலகநாதன், புதுப்பட்டினத்து மீனவர். ஸ்கேன் மேசையில் ஏறும்போதே சங்கரியைக் கிண்டல் செய்தார்.

"மூச்ச அடக்கறத எனக்கே சொல்லித் தர்றியா? பாறைல வலை மாட்டிக்கினா முங்கறது நாந்தான்."

அவர் மனைவி வேண்டா, வாசலில் சங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கட்டி போவட்டும். ஆளு வந்துடணும். நீ பக்கத்துலயே இரும்மா."

சாதாரண மிஷினுக்கு மாற்றி, தேங்கியிருந்த கரியமில வாயு வெளியேறிய பிறகு தொண்டையிலிருந்து குழாயை எடுத்தார்கள். டாக்டர் கிளம்பிவிட்டார். பக்கத்து அறைக்கு மாற்றிய உலகநாதனின் கட்டிலருகே சங்கரி உட்கார்ந்தாள். விரல் கிளிப் ஆக்ஸிஜன் தொண்ணூற்றொன்பது என்று காட்டியது. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் அந்தப் படபடப்பு.

எழுந்து ஸ்கேன் அறைக்குப் போனாள். மிஷினின் வயர் பிளக்கிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. காற்றுக் குழாய் சுருட்டி மாட்டப்பட்டிருந்தது. அங்கே சத்தமே இல்லை.

திரும்பி வந்து ஏசியை அணைத்தாள். சத்தம் தெளிவானது. கட்டிலின் இரும்புக் கம்பியில் கை வைத்தாள். கம்பி அதிர்ந்தது.

ஒரு வருடத்துக்குப் பிறகு, நெஞ்சைப் பார்த்தாள்.

போர்வை அசையவில்லை.

எண் தொண்ணூற்றொன்பது.

அவர் மூக்கருகே உள்ளங்கையை நீட்டினாள். காற்று வந்தது. துளித்துளியாக. வேகமாக. வெதுவெதுப்பு இல்லை. ஈரம் இல்லை. சிலிண்டர் காற்று.

டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.

உலகநாதன் கண் திறந்தார். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் வேண்டா அதைப் பார்த்துவிட்டுக் கைகூப்பினாள். சிரித்தாள்.

அவர் உதடுகள் பிரிந்தன. நெஞ்சு அசையவில்லை. ஒவ்வொரு எழுத்தும் அந்தப் படபடப்பில் நொறுங்கி வந்தது.

"மிஷின எப்பம்மா நிறுத்துவீங்க?"