மூத்தாளை அவை தொடவில்லை

விடிந்து பார்த்தபோது, செத்துப்போன மூத்தாளின் உடலில் பூசிய ஆட்டுக் கொழுப்புகூட நக்கப்படாமல் இருந்தது.

முந்தின நாள் பொழுது சாயும்போது அவளுக்குப் புதுச் செருப்பு மாட்டி, புதர்க்காட்டில் இடப்பக்கமாய் ஒருக்களித்துக் கிடத்தி, கையில் பச்சைப் புல்லைத் திணித்துவிட்டு வந்திருந்தார்கள். இங்கே செத்தவர்களைப் புதைப்பதில்லை, கழுதைப்புலிகளுக்கு விடுவார்கள். எலும்பையும் விடாமல் அரைத்துத் தின்று, சுண்ணாம்பு போல வெளுக்கக் கழிக்கும் கழுதைப்புலிகள். விடிவதற்குள் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சினால் குடும்பத்துக்கே இழுக்கு.

"அப்படியே கெடக்கா, செனேவா," என்றான் கணவன் லெகிஷோன், இளையாளின் முகத்தைப் பார்க்காமல். "இன்னொரு கிடா அறுத்து ரத்தம் பூசிட்டு வரேன். இன்னிக்கும் தொடலன்னா பெரியவங்க கூடிருவாங்க. கடைசியா அவளுக்குப் பால் குடுத்தது யாருன்னு கேப்பாங்க."

நாத்தனார் நசியெகு பால்குடுவையைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். "கழுதைப்புலிக்கே வேண்டாமாமே! குத்தம் செத்தவ மேலயா, பாத்துக்கிட்டவ மேலயா, அண்ணி?"

குற்றம் பார்த்துக்கொண்டவள் மேல் என்றால், மடியிலிருக்கும் மகளைப் பிடுங்கிக்கொண்டு செனேவாவைத் தாய்வீட்டுக்குத் துரத்திவிடுவார்கள்.

நோவில் கிடந்த ஐந்து நாளும் மூத்தாள் பாலுக்கு வாயைத் திறந்தபோதெல்லாம் செனேவா வெறும் குடுவையைத்தான் அந்த உதட்டில் சாய்த்தாள். உள்ளே இறங்கவில்லை என்று கணவனிடம் சொன்னாள். வறட்சி வருஷத்தில் பாலைப் பங்கு வைத்தவள் மூத்தாள். கழுதைப்புலிக் கூட்டத்தில் தலைவியின் குட்டி வயிறு புடைத்த பிறகுதான் மற்றவை வாய் வைக்கலாம். இந்த வீட்டிலும் அதே நியாயம். செனேவாவின் தலைப்பிள்ளை கடைசிப் பங்குக்குக் காத்திருந்தே செத்தான். இப்போது மூத்தாளுக்காக வருத்தப்பட முயன்று பார்த்தாள். வரவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

மாடுகள் அடைந்தன. ரத்தம் பூசிவிட்டு வந்த லெகிஷோன் பெரியவர்களோடு உட்காரப் போய்விட்டான். செனேவா தன் கையால் சாணம் பூசிக் கட்டிய குடிசைக்குள், புகையும் புளித்த பாலும் மணக்கும் இருட்டில், மகளை அணைத்துக்கொண்டு, தணிந்து தொடங்கி உச்சத்தில் முடியும் அந்தக் கூப்பாட்டுக்காகக் காதைத் தீட்டிக் கிடந்தாள். வந்தது. மேற்கே ஒன்று, பதிலுக்கு இரண்டு, பிறகு கூட்டமாய். வாங்க, தின்னுடுங்க, எலும்பக்கூட விட்டுடாதீங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

பிறகு சிரிப்பு.

தின்னும் சந்தோஷத்தில் அவை அப்படிச் சிரிப்பதில்லை என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடிபடுவது சிரிக்கும். பயந்தது சிரிக்கும். எப்போதும் ஒன்றோ இரண்டோ.

இன்று எல்லாமே சிரித்தன.

சிரித்தபடியே ஓடிவந்தன. முள்வேலியை உரசிக்கொண்டு. நிற்காமல். கிழக்கே, தூரத்தில், தேய்ந்து அடங்கின.

பின்னாலேயே வாசனை. கொழுப்பு. பச்சை ரத்தம்.

குடிசையின் வளைந்த நடையில் தோல் உரசும் சத்தம்.

"ஏங்க... நீங்களா?"

மகள் பால் குடிப்பதை நிறுத்தினாள்.

அடுப்பில் ஒரு சுள்ளி பற்றிக்கொண்டது.

நடை திரும்பும் இடத்தில் மூத்தாள் இடப்பக்கமாய் ஒருக்களித்துக் கிடந்தாள். உடம்பில் ஒரு பல்தடம் இல்லை. கையில் புல், வாடாமல். புதுச் செருப்பின் அடியெல்லாம் செம்மண்.

வாய் திறந்திருந்தது, குடுவைக்காக.